பூட்டும் உடைமையும்: இலத்திரனியற் சாதனங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்தவும், திருத்தவும், மாற்றியமைக்கவும் உரியவனுக்கு உரிமையுண்டு என்பது உடைமை பற்றிய நெடுங்கால நம்பிக்கையாகும். கணினித் தொழினுட்பம் வீட்டுச் சாதனங்களுட் புகுந்தபின் இந்நம்பிக்கை படிப்படியாகத் தளர்ந்தது. வன்பொருளிலேயே பதிக்கப்பட்ட பூட்டுகள் அதற்கு முக்கிய காரணமாயின. அவற்றின் வளர்ச்சியை மூன்று சாதனங்களின் வரலாற்றைக்கொண்டு நோக்கலாம்.

1983 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் வீடியோ விளையாட்டுச் சந்தை வீழ்ச்சியுற்றது. தரங்குறைந்த விளையாட்டுகள் அளவின்றிக் குவிந்தமை அதற்கான காரணங்களுள் ஒன்றாகும். 1985 இல் அச்சந்தையுட் புகுந்த யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, தன் விளையாட்டுப் பொறியில் ஒரு நுண்சில்லையும், ஒவ்வொரு விளையாட்டுப் பேழையிலும் அதற்கு இணையான இன்னொன்றையும் பொருத்தியது. இரண்டும் ஒத்துப்போகாவிடின் பொறி மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்கே திரும்பும். 1983 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அதன் மூலப்பொறியில் இப்பூட்டு இருக்கவில்லை. எனவே, சந்தையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தேவையே பூட்டைப் பிறப்பித்தது எனலாம். ஆயினும், அன்று அது பிரதானமாகத் தடுத்தது அனுமதி பெறாத வெளியீட்டாளரையே.

1998 இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம், ஆக்கங்களை அணுகவிடாது காக்கும் தொழினுட்பத் தடைகளை மீறுவதையே சட்டவிரோதமாக்கியது. இவ்வாறு பூட்டுக்குச் சட்டம் காவலாயிற்று.

அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த ரீவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுப்பொறி, எவரும் மாற்றியமைக்க உரிமமளிக்கும் லினக்ஸ் மென்பொருளிற் றங்கியிருந்தது. நிறுவனம் அதன் மூலநிரலையும் வெளியிட்டது. ஆனால், மாற்றப்பட்ட மென்பொருளை இயக்கப் பின்வந்த ரீவோ பொறிகளின் வன்பொருள் மறுத்தது. ஏட்டில் இருந்த உரிமை பொருளில் இல்லாது போயிற்று. இதனைத் தடுக்கும் விதிகளைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் 2007 இல் தன் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பிற் சேர்த்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் ரோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. வன்பொருள் வடிவமைப்பு உற்பத்தியாளருக்குரிய விடயம் என்பது அவர் கருத்தாகும்.

2006 இல் வெளிவந்த சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 பொறியில் லினக்ஸை நிறுவ வசதியிருந்தது. 2010 ஏப்ரலில், பாதுகாப்பைக் காரணங்காட்டி, ஒரு மென்பொருட் புதுப்பிப்பின் மூலம் நிறுவனம் அவ்வசதியை நீக்கியது. புதுப்பிப்பை மறுத்தோர் அந்நிறுவனத்தின் இணையச் சேவையை இழந்தனர். வாங்கியவன் வீட்டிலிருந்த பொருளின் இயல்பு, விற்பனை முடிந்து ஆண்டுகள் கழிந்தபின்னும் விற்றவனால் மாற்றப்பட்டது.

போட்டியாளரை நோக்கி எழுந்த பூட்டு, கால் நூற்றாண்டுக்குள் உரிமையாளரையே வெளியே நிறுத்தியமையை இவை காட்டுகின்றன. திருட்டு, பாதுகாப்பு பற்றிய உற்பத்தியாளரின் அச்சங்கள் முற்றும் ஆதாரமற்றவையல்ல. வீட்டுக்குப் பூட்டு வேண்டியதே. ஆனால், திறவுகோல் விற்றவனிடமே தங்கிவிடின், வாங்கியவனுக்குக் கிடைத்தது உடைமையா, பயன்படுத்தும் அனுமதி மட்டுமா என்னும் வினா எழுகின்றது. சாதனங்கள் பெருகப் பெருக, இவ்வினா பொறியியலாளருக்கும் சட்டத்தரணிகளுக்கும் மட்டும் உரியதாக இருத்தலாகாது.