குடலைக் காத்த ஒரு தையல்

காசநோயால் சிறுகுடல் துளைபட்டால், துளையை மட்டும் தைத்து மூடுவது பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதற்குக் கீழே, புண் ஆறித் தழும்பேறிச் சுருங்கிய பகுதி வழியை அடைத்திருக்கும். உள்ளழுத்தம் ஏறத் தையல் பிரிந்துவிடும். ஆகவே நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி, நல்ல முனைகளை இணைப்பது வழக்கமாயிற்று. ஆனால் ஒரே குடலில் பல குறுக்கங்கள் இருந்தால்? அனைத்தையும் நீக்கினால் உணவுச்சத்தை உறிஞ்சப் போதிய குடல் எஞ்சாது. நோயால் முன்னரே மெலிந்தவருக்கு அது இன்னொரு பட்டினி.

1977இல் சண்டிகரைச் சேர்ந்த கட்டாரியாவும் உடன் பணியாற்றியோரும் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி' இதழில் வேறொரு வழியைக் காட்டினர்: குறுக்கத்தை நீக்காமல் நீளவாக்கில் கீறி, அக்கீறலைக் குறுக்குவாக்கில் தைத்து, வழியை அகலப்படுத்துவது. உத்தி புதிதன்று, இரைப்பையின் கீழ்வாயிலுக்கு ஹைனக்கேயும் மிக்குலிச்சும் 1880களிலேயே செய்ததுதான். நோயுற்ற குடற்சுவரிலேயே தையலிடும் துணிவைத் தந்தவை, என் கணிப்பில், ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பின் வந்த கூட்டுமருந்துகள்.

1982இல் ஆக்ஸ்ஃபோர்டின் இமானுவேல் லீ இம்முறையைக் கிரோன் நோய்க்குக் கொண்டுசென்றார். (1932இல் கிரோன் குழுவினர் அந்நோயை விவரித்தபோது, அது காசநோய் அன்று என்று நிறுவ வேண்டியிருந்தது!) இன்று மாணவர்கள் இத்தையலைப் பெரும்பாலும் கிரோன் நோய் அத்தியாயத்தில்தான் படிக்கின்றனர், சண்டிகர் அங்கே அடிக்குறிப்பாகவேனும் இருந்தால் வியப்பு.

துளைபட்ட இடத்துக்கு இது பொருந்தாது. அப்பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சிய குறுக்கங்களை மட்டுமே இவ்வாறு விரிப்பர்.