ஐயமின்றிச் செபிப்போம்

மறவர் சீமையில் கடும் நோயுற்ற தடியத்தேவருக்காக வேதியர் ஒருவர் நற்செய்தி வாசித்துச் செபித்தார், அவர் நலமடைந்தார். 1693 சனவரி 6 அன்று புனித அருளானந்தர் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். தடியத்தேவர் ஒரே மனைவியோடு வாழ முன்வந்தார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 3 அன்று ஓரியூர்ச் சிறையிலிருந்து கரியால் மடல் எழுதினார். மறுநாள் முழந்தாளிட்டுச் செபித்தார், தலை வெட்டப்பட்டார்.

நோயாளி பிழைத்தார், புனிதர் பிழைக்கவில்லை. அவரது நம்பிக்கை குறைவானதா? இல்லை. ஐயமின்றிக் கேட்குமாறு திருத்தூதர் யாக்கோபு சொல்வது, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற கணக்கு அன்று. கிடைக்காதபோதும் தந்தையின் கையை விடாதிருப்பது. கானாடுகாத்தானிலிருந்து ஓரியூருக்குச் செல்லும்போது, அந்த நம்பிக்கையையே வேண்டுவோம்.