நவம்பர் 1

தென்னிந்தியாவின் இன்றைய மாநில எல்லைகள் பெரும்பாலும் உருப்பெற்ற நாள். 1956இல் மாநில மறுசீரமைப்புச் சட்டம் இந்நாளில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டுப் பகுதி கேரளத்தோடு சேர்ந்தது. அப்பகுதியில், தமிழக எல்லைக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் தமிழும் மலையாளமும் அன்றாடப் பேச்சில் கலந்தே புழங்க, நிர்வாகம் மட்டும் சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது.

தெற்கே மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. இதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவர் மார்ஷல் நேசமணி. அப்போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தவர்களை மறந்து இந்நாளைப் பேசுவது நியாயமல்ல. தமிழர் மிகுந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் அவை அடங்கின. அந்த இழப்பின் வலி தமிழகத்தில் நெடுங்காலம் பேசப்பட்டது.

பிற நிகழ்வுகள்: 1755 – லிஸ்பன் நிலநடுக்கம். 1954 – புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது.

பிறப்பு: 1973 – நடிகை ஐஸ்வர்யா ராய். 1974 – கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லட்சுமண்.

இறப்பு: 1959 – நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். இவரது ‘ஹரிதாஸ்’ (1944) திரைப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.