வண்டி ஓட்ட யாருக்கு உரிமை?

250 வாட்டுக்கும் குறைந்த மோட்டாரில் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் மின்ஸ்கூட்டர், மத்திய விதிப்படி மோட்டார் வாகனமே இல்லை. கான்சாபுரத்தில் ஓட்டினாலும் ராஜபாளையத்தில் ஓட்டினாலும் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். மின்ரிக்‌ஷா கதை வேறு. 2014 ஜூலை 31 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அதைத் தடை செய்தது. எட்டு மாதத்துக்குள் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி வழிவிட்டது.

நமக்கு வழிவிட எவ்வளவு காலமானது தோழர்களே? மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் போனது 1893இல். 1929இல் சாலிஸ்காவில் அம்பேத்கரை ஏற்றிப்போகக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். ஓட்டிப் பழகாத மகர் ஒருவர் ஓட்டினார். வழியில் தூக்கியெறியப்பட்ட அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. வெளிநாட்டில் படித்த பாரிஸ்டருக்கே இந்தக் கதி.

பொது இடத்தில் தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமை என்று வெளிப்படையாக எழுதியது 2015 திருத்தம்தான். நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 26. பிரிவு 3(1)(இசட்ஏ), உட்பிரிவு பி.

மின்ஸ்கூட்டர் சைக்கிளா, மோட்டார் சைக்கிளா? எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கிளப்பலாம். அதே பிரிவின் உட்பிரிவு ஏ, சாலையை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையே குற்றமாக்குகிறது. புகார் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.