தாய்மாரின் இதயப் பதிவேடு

நம் குழுக்களில் தீர்மானப் பதிவேடு, சேமிப்புப் பதிவேடு என்று எத்தனையோ எழுதுகிறோம். இதய நோயோடு கர்ப்பமான பெண்களுக்கும் ஒரு பதிவேடு நம் தமிழ்நாட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி இந்த மலரில் சொல்ல ஆசைப்பட்டேன்.

எழுதியது சென்னை மருத்துவக் கல்லூரி. நம்ம புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் டாக்டர் பட்டம் வாங்கினாரே, அதே கல்லூரிதான். (அவர் பேரில்தான் நமக்கு மகப்பேறு உதவித்தொகை வருகிறது.) 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை 1,005 பெண்களின் 1,029 கர்ப்பங்களை அதில் பதிந்தார்கள்.

நூற்றில் அறுபது பேருக்கு, நோய் இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்திருக்கிறது! எனக்கு நெஞ்சில் தைத்தது இந்தக் கணக்குதான்.

நூற்றில் 42 பேருக்கு வாதக் காய்ச்சலால் வந்த வால்வுக் கோளாறு. சின்ன வயசில் தொண்டைப்புண், காய்ச்சல், மூட்டு வீக்கம் என்று வந்திருக்கும். "சரியாப் போச்சு" என்று விட்டிருப்பார்கள். அது உள்ளே வால்வைச் சுருக்கிவிடுகிறது. சாதாரண நாளில் தெரியாது. கர்ப்பத்தில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்போது, சுருங்கிய வால்வு வழியே போகமுடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும், இருமல் வரும். "புள்ளத்தாச்சின்னா மேல்மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்கிற பேச்சு இந்த இடத்தில்தான் உயிரை வாங்குகிறது.

நூற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு தாய்மார் இறந்தார்கள். செயற்கை வால்வு வைத்தவர்களில் எட்டுக்கு மேல். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். சில மாத்திரை கருவுக்கு ஆகாது. அதனால் இவர்கள் கர்ப்பமாகும் முன்பே இதய டாக்டரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் அது எளிதா? ஆபரேஷன் ஆனதை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறோம். எங்கள் குழுத் தங்கச்சி ஒருத்தி, நெஞ்சுத் தழும்பை மாமியாரிடம் மட்டுமா, கிராம நர்சம்மாவிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம், கடன் தவணை கட்ட வந்த இடத்தில்தான் வாய் திறந்தாள். அப்புறம் எக்கோ எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். குழந்தை பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளும் இதயத்துக்குக் கண்டம்தான் என்று அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அவள் மகன் இப்போது பால்வாடிக்குப் போகிறான்.