மைக்கேல் கைஸ்ட்

மைக்கேல் கைஸ்ட் கனடாவின் பதிப்புரிமைச் சட்ட அறிஞர். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருக்கும் இவர், அங்கு இணையம், மின்வணிகச் சட்டத்துக்கான ஆய்விருக்கையை வகிக்கிறார். கட்சிக்காரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிப் பெயரெடுத்தவர் அல்லர். மசோதா நாடாளுமன்றத்தில் இருக்கும்போதே அதைப் பொதுமக்களின் பேச்சுப் பொருளாக்கியவர் என்பதே இவரது தனித்துவம்.

டொரன்டோவின் ஆஸ்கூட் ஹாலில் சட்டம் பயின்று, கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கின் கொலம்பியாவிலும் மேற்படிப்பை முடித்தார். ‘டொரன்டோ ஸ்டார்’ நாளிதழில் நெடுங்காலம் பத்தி எழுதினார்.

2007 டிசம்பரில், ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த முனைந்தது. கைஸ்ட் ஃபேஸ்புக்கில் ஒரு குழுவைத் தொடங்க, சில வாரங்களிலேயே பல்லாயிரம் பேர் அதில் சேர்ந்தனர். தொழில்துறை அமைச்சர் ஜிம் பிரென்டிஸ் கால்கரியில் தம் தொகுதி மக்களைச் சந்தித்த நிகழ்ச்சிக்கே ஆட்கள் நேரில் போய்க் கேள்வி கேட்டார்கள். மசோதா தள்ளிப்போனது, 2008 ஜூனில்தான் சி-61 என்ற எண்ணுடன் அவைக்கு வந்தது.

கைஸ்டின் முக்கிய ஆட்சேபம், நகலெடுப்பதைத் தடுக்கும் ‘டிஜிட்டல் பூட்டு’ பற்றியது. காசு கொடுத்து வாங்கிய டிவிடியானாலும், அதிலுள்ள பூட்டை உடைத்து, சொந்தமாகப் பார்ப்பதற்கென்று படத்தைக் கைக்கணினிக்கு மாற்றினால் அந்த மசோதாவின்படி அது சட்டமீறல். திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கம் இருந்தால் மட்டுமே பூட்டை உடைப்பது தவறாக வேண்டும் என்றார் கைஸ்ட்.

தேர்தல்கள் குறுக்கிட்டதில் சி-61-உம், 2010-இல் வந்த சி-32-உம் காலாவதியாயின. எதிர்ப்பாளர்களைத் ‘தீவிரவாதப் போக்கினர்’ என்று அமைச்சர் ஜேம்ஸ் மூர் சாடியபோது, கைஸ்ட் அந்த வசையையே தாம் தொகுத்த நூலின் தலைப்பில் சேர்த்துவிட்டார். சளைக்காத மனிதர்!

2012-இல் நிறைவேறிய சி-11 சட்டத்தில் பூட்டு விதி அப்படியே இருந்தது. ஆனால் கல்வி, பகடி, அங்கதம் ஆகியவை, உரிமையாளரின் அனுமதியின்றியே படைப்பைப் பயன்படுத்தக்கூடிய ‘நியாயமான பயன்பாட்டு’ வரம்புக்குள் வந்தன. வணிக நோக்கமற்ற மீறலுக்கான சட்டபூர்வ இழப்பீட்டுக்கு 5,000 டாலர் உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. முழு வெற்றியல்ல, ஆனாலும் 2008 மசோதாவோடு ஒப்பிட்டால் வாசகருக்கும் மாணவருக்கும் கிடைத்தது அதிகம்.

அதே ஆண்டு ஜூலை 12 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் ஐந்து பதிப்புரிமைத் தீர்ப்புகளை ஒரே நாளில் வழங்கியது. ஆசிரியர் வகுப்புக்காக நூலின் சிறு பகுதியை நகலெடுத்துத் தருவதும், பாட்டை வாங்குமுன் சில வினாடிகள் கேட்டுப் பார்ப்பதும் நியாயமான பயன்பாடாகலாம் என்பது அவற்றின் சாரம். இத்தீர்ப்புகளைப் பற்றி கைஸ்ட் தொகுத்து 2013-இல் வெளியிட்ட கட்டுரைத் திரட்டு இத்துறையில் முக்கியமானது.

பதிப்புரிமைக் காலத்தை ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீட்டியதை அவர் எதிர்த்தார், பலனில்லை. 2022 முடிவில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் 1972-இல் இறந்த எழுத்தாளரின் படைப்பு 2043-இல்தான் பொதுவுடைமையாகும்.

இணையச் செய்திச் சட்டமான சி-18 விவாதத்தில், சுட்டி கொடுப்பதற்கெல்லாம் கட்டணம் கேட்டால் இணைய நிறுவனங்கள் செய்தியையே நிறுத்திவிடும் என எச்சரித்தார். 2023 ஆகஸ்டில் மெட்டா கனடாவில் செய்திகளை முடக்கத் தொடங்கியது. கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர உடன்பட்டது.