வேட்டை ரைஃபிள் ஸ்கோப்: தேர்வும் பொருத்துதலும்

ரைஃபிளின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டு, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியே ஸ்கோப். வெறும் உலோகக் குறிகளை வைத்துச் சுடும்போது பின்குறி, முன்குறி, விலங்கு ஆகிய மூன்றையும் கண்ணால் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஸ்கோப்பில் குறுக்கிழையும் விலங்கும் ஒரே தளத்தில் தெரிவதால் அந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவின் சிரக்கூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதல் செய்த ஸ்கோப்புகள் நீண்டு மெலிந்த குழாய்கள். இன்றைய தெளிவுக்கு வழிவகுத்தது 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. குழாய்க்குள் நைட்ரஜன் நிரப்பி உள்ளே ஈரம் படியாமல் தடுக்கும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. ஓரங்களில் தடித்து நடுவில் மெலியும் குறுக்கிழையை லூபோல்ட் நிறுவனம் 1962இல் அறிமுகப்படுத்தியது. மங்கிய வெளிச்சத்திலும் கண்ணுக்குச் சட்டென்று அகப்படுவதால் வேட்டைக்கு இன்றும் அதுவே ஏற்றது.

ஸ்கோப்பின் மேல் 3-9×40 என்று எழுதியிருந்தால், உருப்பெருக்கத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்குவரை மாற்றலாம், முன்வில்லையின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். புதியவர்கள் பெரும்பாலும் பெருக்கத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். அது தவறான அளவுகோல். பெருக்கம் கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும். கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அடர்ந்த காட்டில் 60 மீட்டரில் பாயும் மானை 9 மடங்கில் தேடினால் அதைப் பார்வைக்குள் பிடிப்பதே கடினம். ஓடும் காட்டுப்பன்றியைச் சுடும் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் 1 மடங்கில் தொடங்கும் ஸ்கோப்பை நாடுவது இதனால்தான்.

வெளிச்சக் கணக்கு எளியது. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். ஜெர்மனியில் அந்தி வேளையில் பரண்மேல் காத்திருப்போர் விரும்பும் 8×56 ஸ்கோப்பில் அது 7 மி.மீ.; இருளில் நன்கு விரிந்த இளைஞரின் கண்மணியும் ஏறக்குறைய அந்த அளவே. வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவு விரியாது. அப்போது 56 மி.மீ. வில்லையின் கூடுதல் ஒளி வீணாகிறது, எடை மட்டும் மிஞ்சுகிறது. பெரிய வில்லை துப்பாக்கிக் குழலில் இடிக்காதிருக்க ஸ்கோப்பை உயர்த்தி வைக்கவேண்டியும் வரும்; கன்னம் ரைஃபிளின் பின்கட்டையை விட்டு எழும்; குறி தடுமாறும்.

கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இடைவெளி வேண்டும். பின்னுதைப்பு மிகுந்த ரைஃபிளில் இது குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

நல்ல ஸ்கோப்பும் மோசமான பொருத்துதலில் கெட்டுப்போகும். செலவைச் சுருக்க வேண்டுமானால் வில்லையில் சுருக்கலாம். ஸ்கோப்பைத் தாங்கும் தளத்திலும் அதைப் பிடிக்கும் வளையங்களிலும் சுருக்கக் கூடாது. முதல் வேலை, ரைஃபிளில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது. திருகுத் துளைகளிலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தளத்தை இறுக்க வேண்டும். வளையங்கள் குழாயின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும்: 25.4 மி.மீ. குழாய்க்கு 30 மி.மீ. வளையம் ஆகாது. வில்லை குழலிலும், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் பிடி ஸ்கோப்பிலும் உரசாத அளவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும்.

பிறகு பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, வேட்டையில் போடும் கனத்த சட்டையோடு, கண்ணை மூடியபடி ரைஃபிளைத் தோளில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கண் திறந்ததும் கறுப்பு விளிம்பில்லாத முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ரைஃபிளைச் சாயாமல் நிறுத்தி, எதிரே தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுச் செங்குத்து இழையை அதோடு ஒத்துப்பார்க்கலாம். இழை சாய்ந்திருந்தால் தொலைவுக்கேற்பத் திருகித் திருத்தும்போது குண்டு பக்கவாட்டில் விலகும். வளையத் திருகுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக, தயாரிப்பாளர் சொல்லும் விசைக்கு மட்டும் இறுக்க வேண்டும். அது பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். கூடுதலாக இறுக்கினால் குழாய் நசுங்கும்.

அடுத்தது சுட்டுச் சரிசெய்தல். போல்ட்டைக் கழற்றிக் குழலின் வழியே 25 மீட்டரிலுள்ள இலக்கைப் பார்த்துக் குறுக்கிழையை அதற்கு நேராக்கினால் முதல் குண்டு இலக்கு அட்டையிலாவது விழும். அதன்பின் 100 மீட்டரில் மூன்று குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுவை வைத்தே திருத்த வேண்டும். ஒற்றைக் குண்டை நம்பித் திருகக் கூடாது. அமெரிக்க ஸ்கோப்புகளில் திருத்தும் திருகின் ஒரு கிளிக் பெரும்பாலும் பாகையின் 240இல் ஒரு பங்கு, அதாவது 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. குண்டுகள் 7 செ.மீ. தாழ்ந்து பட்டால் 10 கிளிக் மேலே திருக வேண்டும். .30-06 தோட்டா சுடும் ரைஃபிளில் 100 கஜத்தில் சுமார் 5 செ.மீ. மேலே படும்படி வைத்தால் 200 கஜத்தில் குறியிலேயே படும்.

திருத்தத் திருத்தக் குண்டுகள் சிதறினால் ஸ்கோப்பைக் குறைசொல்லும் முன் திருகுகளைச் சோதிக்க வேண்டும். ரைஃபிள் கீழே விழுந்தாலும், வேறு எடையுள்ள குண்டுக்கு மாறினாலும், புதிய பருவம் தொடங்கினாலும் மறுபடி அட்டையில் சுட்டுப் பார்க்காமல் விலங்கின்மேல் குறிவைக்கக் கூடாது. சரிபார்க்காத ஸ்கோப்பால் விலங்கு எப்போதும் முழுதாகத் தப்பிவிடுவதில்லை. காயத்தோடு ஓடிச் சாகவும் கூடும்.